கற்பனை இனத்துக்கு ஒரு போர் நடனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலுக்காகவோ கணினி விளையாட்டுக்காகவோ ஒரு இனத்தையே புதிதாக உருவாக்குபவர்கள் தங்கள் எழுத்தை என்னிடம் படிக்கத் தருவதுண்டு. போர் நடனம் வரும் பக்கத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

விளக்கத்துக்காக நானும் ஒரு இனத்தை வைத்துக்கொள்கிறேன். சதுப்பு நிலத்தில், மரத் தெப்பங்கள் மீது வாழ்பவர்கள். கழி ஊன்றித் தெப்பம் தள்ளுவார்கள், ஈட்டியால் மீன் குத்துவார்கள். பெயர் வைக்கவில்லை, வைத்தால் அதைப் பற்றியும் கேள்வி வரும்.

போர் நடனம்னா சண்டைக்கு முன்னாடி ஆடுறதுதானே?

அது ஒரு வகை மட்டும்தான். தொல்காப்பியப் புறத்திணையியலையே பாருங்கள். யானையோடு விழுந்துபட்ட வேந்தனைக் கொன்றவன் பக்கத்து வாள்வீரர்கள் ஆடுவது அமலை. இது தும்பைத் திணையில் வருகிறது. வென்ற மன்னனின் தேருக்கு முன்னே ஆடினால் முன்தேர்க் குரவை, பின்னே ஆடினால் பின்தேர்க் குரவை. இவை வாகையில் வருகின்றன. மூன்றுமே எதிரி விழுந்த பிறகு ஆடுபவை.

நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா என்றதும் போர்க்களம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஹாக்கா என்பது பல வகை ஆட்டங்களுக்கான பொதுப்பெயர். ஆயுதம் ஏந்தி, கால்களை மடக்கிக் குதித்து, சண்டைக்கு முன் ஆடுவது 'பெருபெரு' என்ற ஒரு வகை. விருந்தினரை வரவேற்கவும், திருமணத்திலும், இறுதிச் சடங்கிலும் ஹாக்கா உண்டு. உங்கள் இனம் எப்போது ஆடுகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அது தெரியாமல் ஒரு அடிகூட அமைக்க முடியாது.

எதிரி வந்து எதிர்ல நிக்கிறான், இவங்க ஆடிக்கிட்டு இருப்பாங்களா? நம்புற மாதிரி இல்லையே.

சண்டை எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இரு தரப்பும் பகலில், திறந்த வெளியில், முகம் பார்த்து நிற்கும் வழக்கம் இருந்தால் ஆட நேரமும் உண்டு, பார்க்க ஆளும் உண்டு. பதுங்கித் தாக்குகிற இனம் எதிரி முன்னால் ஆடாது, புறப்படுவதற்கு முன் தன் ஆட்கள் நடுவில் ஆடும். என் சதுப்பு மக்கள் இந்த இரண்டாம் வகை. கோரைக்குள் மூச்சுச் சத்தம்கூட வராமல் போகிறவர்கள் எதிரி முன்னால் கூச்சல் போட்டால் அவர்களுக்கே ஆபத்து.

ஆட்டம் எதிரியைப் பயமுறுத்த மட்டுமே என்று நினைப்பதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. பாதிக்கு மேல் அது ஆடுகிறவனுக்காக. வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941ல் டெக்சாஸ் ராணுவ முகாமில் மணிக்கணக்காக அணிவகுத்து நடந்தபோது, தானே பெரிதாகிவிட்டது போல ஒரு நிறைவு வந்ததை மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2015ல் வெளியான ஓர் ஆய்வில் பிரேசில் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக ஆடவைத்து, முன்னும் பின்னும் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உடல் உழைப்பு வலி தாங்கும் அளவைக் கூட்டியது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்தது அதற்கு மேலும் கூட்டியது. அடிவாங்கப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உடை, முகச்சாயம், ஆயுதம், தலையில வைக்கிற இறகு எல்லாம் முடிவு பண்ணிட்டேன். இனி ஆட்டம் மட்டும்தான் பாக்கி. எப்படி ஆரம்பிக்கிறது?

இறகைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். என்னிடம் வரும் பிரதிகளில் பத்துக்கு எட்டில் நெருப்பு எரிகிறது, முரசு அதிர்கிறது, வீரர்கள் தரை நடுங்கக் காலை உதைக்கிறார்கள். அந்தத் தரை என்ன தரை என்று கேட்டால் பதில் இல்லை. பனியா, மணலா, பாறையா? அதைச் சொல்லாத ஆட்டத்தை எந்த இனத்துக்கும் மாட்டிவிடலாம்.

சதுப்பில் காலை உதைத்தால் சத்தம் வராது, கால் முழங்கால்வரை உள்ளே போகும். ஆகவே என் ஆட்கள் தெப்பத்தின் மேல்தான் ஆட முடியும். தெப்பம் தண்ணீரில் மிதக்கிறது, அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. குதிகாலால் பலகையில் தட்டினால் அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு மந்தமான ஒலி வரும். தனியாக முரசு தேவையில்லை. மிதக்கிற பலகையில் இருபது பேர் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்தால் தெப்பமும் சாயும். அதனால் இவர்களுடைய ஆட்டத்தில் பாதிப் பேர் இடப்பக்கம் போகும்போது மீதிப் பேர் வலப்பக்கம் போயாக வேண்டும். இப்படி இரண்டு வரிசை, எதிரெதிர் அசைவு, குதிகால் தாளம் என்று மூன்று விஷயங்கள் தரையைப் பற்றி மட்டும் யோசித்ததில் கிடைத்துவிட்டன. இறகு இன்னும் வரவில்லை. வந்தாலும் நீர்ப்பறவை இறகாகத்தான் வரும்.

அசைவுகளை எங்கிருந்து எடுக்கிறது? யூடியூப்ல பார்த்து எடுத்தா எல்லாமே ஒரே மாதிரி இருக்கு.

இரண்டு இடங்களிலிருந்து எடுக்கலாம். ஒன்று, அவர்களுடைய சண்டை. பழைய கிரேக்கர்களின் பிர்ரிக் என்ற போர் ஆட்டத்தைப் பற்றி பிளேட்டோ எழுதியிருப்பதைப் பார்த்தால், அடியும் அம்பும் படாமல் விலகுவது, பின்வாங்குவது, எகிறுவது, குனிவது ஒரு பக்கம், வில் வளைப்பது, ஈட்டி எறிவது, வெட்டுவது மறுபக்கம் என்று இருக்கும். தாக்குதலைப் போலவே தப்பித்தலும் ஆட்டத்தில் சம பங்கு. புதிதாக எழுதுபவர்கள் தப்பித்தலை விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய வீரர்கள் ஆட்டம் முழுக்க முன்னேறிக்கொண்டே இருக்கிறார்கள், எங்கே போகிறார்களோ தெரியாது.

இரண்டாவது, அன்றாட வேலை. கிழக்கிந்தியாவின் சௌ ஆட்டம் 2010ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் அசைவுகளில் போலிச் சண்டையும் இருக்கிறது, பறவை விலங்குகளின் நடையும் இருக்கிறது, கிராமத்துப் பெண்களின் வீட்டுவேலையும் இருக்கிறது. வாள் வீச்சுக்குப் பக்கத்திலேயே அடுப்படி வேலை!

என் சதுப்பு மக்களுக்கு அட்டைக்கடி தினசரிப் பிரச்சினை. கெண்டைக்காலில் ஒட்டியிருக்கும் அட்டையைக் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் நெம்பி, திரும்பிப் பார்க்காமலே தண்ணீரில் சுண்டி எறிவார்கள். ஆட்டத்தில் மூன்றாவது சுற்றில் எல்லோரும் இதையே செய்கிறார்கள், எதிரி இருக்கும் திசையை நோக்கி. அவர்களிடம் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. வெளியாளுக்கு அது வெறும் விரல் அசைவு.

எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆடணுமா? என் கதாநாயகன் தனியா தெரியணுமே.

இரண்டுக்கும் இடம் உண்டு. பெருபெருவில் ஒருவர் பிசகினாலும் கெட்ட சகுனம் என்று கருதினார்கள். அங்கே தனியாகத் தெரிவது பெருமை அல்ல. அதற்கு நேர் எதிராக, தென்னாப்பிரிக்காவின் ஜூலு வீரர்களிடம் 'உக்குகியா' என்று ஒரு வழக்கம். ஒரு வீரன் வரிசையிலிருந்து வெளியே பாய்ந்து, தான் செய்த சாகசத்தை ஒற்றை ஆளாக ஆடிக்காட்டிவிட்டுத் திரும்புவான். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் இளைஞர்கள் ஆடும் 'அடுமு' இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவரோ இருவரோ நடுவில் வந்து குதிகால் தரையில் படாமல் செங்குத்தாக எகிறுவார்கள். எகிறும் உயரம் கூடக்கூட, சுற்றி நிற்பவர்களின் குரலும் மேலே போகும். தனி ஆளின் உயரத்தைக் கூட்டத்தின் தொண்டை அளந்து சொல்கிறது.

உங்கள் இனத்தில் வீரம் யாருடைய சொத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனி ஆளின் சொத்து என்றால் நாயகனை வெளியே பாயவிடலாம். கூட்டத்தின் சொத்து என்றால் அவன் தனியாகத் தெரியும் கணம்தான் கதையின் சிக்கல்.

பாட்டு வேணுமா? என்ன பாடுவாங்க? "எதிரியைக் கொல்வோம், ரத்தம் குடிப்போம்"னு எழுதினேன், எனக்கே சலிப்பா இருக்கு.

சலிப்பு நியாயமானதுதான். உலகத்திலேயே அதிகம் பேர் கேட்டிருக்கும் ஹாக்கா 'கா மத்தே'. அதில் எதிரிக்கு மிரட்டலே இல்லை. 1820 வாக்கில் ங்காத்தி தோவா குலத் தலைவர் தே ரௌபராஹா எதிரிகளிடமிருந்து தப்பி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேமிக்கும் குழிக்குள் ஒளிந்திருந்தார். தேடி வந்தவர்கள் போன பிறகு வெளியே வந்து பாடியது அது. இதோ சாவு, இதோ பிழைப்பு என்று திக்திக்கென்று தொடங்கி வெளிச்சத்துக்கு ஏறி வருவதில் முடிகிறது. குழிக்குள் ஒளிந்தவரின் பாட்டு இன்று விளையாட்டு மைதானங்களில் ஒலிக்கிறது.

ஆக, பாட்டு எதைப் பற்றியும் இருக்கலாம்: பட்ட அவமானம், பசி, தப்பியது, இறந்த ஒருவரின் பெயர். ஒன்றை மட்டும் கவனியுங்கள். குதித்து ஆடுகிறவர்களுக்கு மூச்சு இருக்காது. நீண்ட வரி ஒருவர் சொல்ல, ஓரிரு அசைகள் மட்டும் கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதியதைக் குதித்துக்கொண்டே சத்தமாகப் படித்துப் பாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு.

பெண்கள் ஆடலாமா?

தாராளமாக. சிலப்பதிகாரம் சொல்லும் பதினோராடலில் மரக்கால் ஆடல் கொற்றவை ஆடியது. அசுரரின் வஞ்சனை பொறுக்காமல் மரக்கால் மேல் நின்று ஆடினாள்.

எனக்குப் பிடித்த சம்பவம் வேறு. கி.மு. 400ல் கருங்கடல் கரையில் முகாமிட்டிருந்த கிரேக்கக் கூலிப்படை, பாஃப்லகோனியா நாட்டுத் தூதர்களுக்கு விருந்து வைத்தது. படைத்தலைவர்களில் ஒருவரான செனபோன் அதை எழுதியிருக்கிறார். ஆண்கள் வரிசையாகப் போர் ஆட்டங்கள் ஆடினார்கள். தூதர்கள் அசந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு வீரன், ஆடல் பெண் ஒருத்தியை நன்றாக உடுத்தி, கையில் ஒரு சிறு கேடயம் கொடுத்து உள்ளே அனுப்பினான். அவள் பிர்ரிக் ஆட்டத்தை லாகவமாக ஆடி முடித்தாள். ஒரே ஆரவாரம். உங்கள் பெண்களும் சண்டை போடுவார்களா என்று தூதர்கள் கேட்க, பாரசீக அரசனை முகாமிலிருந்து விரட்டியதே இவர்கள்தான் என்று பதில் வந்தது.

அந்தப் பதில் கேலிதான். ஆனால் விருந்து என்ற பெயரில் அங்கே நடந்தது படைபலக் காட்சி என்பதைக் கவனியுங்கள். மறுநாள் இந்தத் தூதர்கள் ஊர் திரும்பி என்ன சொல்வார்கள் என்பதுதான் அந்த ஆட்டத்தின் இலக்கு.

ஹாக்கால வர்ற மாதிரி நாக்கை நீட்டுறது, கண்ணை உருட்டுறது சேர்த்தா பயங்கரமா இருக்கும்ல?

பயங்கரமாக இருக்கும், ஹாக்காவாகவும் இருக்கும். படிப்பவர் உங்கள் இனத்தை மறந்துவிட்டு, போட்டிக்கு முன் ஹாக்கா ஆடும் நியூசிலாந்து ரக்பி அணியை நினைப்பார். அங்கே நாக்கை நீட்டுவது ஆண்களுக்கு உரியது, கண்ணை அகல விரிப்பது ஆண் பெண் இருவருக்கும் உண்டு. இந்த விதிகளெல்லாம் ஒரு சமூகத்துக்குள் விளைந்தவை. மேலோட்டமாகப் பிய்த்து எடுத்தால் முகச்சேட்டை மட்டும்தான் மிஞ்சும். 'கா மத்தே'யை ஆளாளுக்கு விளம்பரத்தில் பயன்படுத்தியது எவ்வளவு புண்படுத்தியது என்றால், அதை இயற்றியவர் தே ரௌபராஹா என்று குறிப்பிட வேண்டும் என நியூசிலாந்து 2014ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

முகம் எதற்காக அப்படி மாறுகிறது என்ற காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இனத்துக்கு எந்த முகம் அச்சம் தரும்? என் சதுப்பு மக்கள் கோரைக்குள் அசையாமல் இருந்து பழகியவர்கள். அவர்கள் உடம்பு முழுக்க ஆடும், முகம் மட்டும் கல்லாக இருக்கும். கண் இமைத்தால் பாட்டிமார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள்.

எழுதும்போது ஒவ்வொரு அடியையும் விவரிக்கணுமா? ரெண்டு பக்கம் ஆயிடுச்சு, படிக்கிறவங்க தாண்டிப் போயிடுறாங்க.

தாண்டத்தான் செய்வார்கள். மேலே சொன்ன விருந்தில் முதல் ஆட்டத்தை செனபோன் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். திரேசிய வீரர் இருவர் குழலுக்கு ஏற்ப வாளோடு உயர உயர எகிறுகிறார்கள். ஒருவன் மற்றவனை வெட்டுகிறான், அவன் சாமர்த்தியமாக விழுகிறான். தூதர்கள் அலறிவிடுகிறார்கள். வெட்டியவன் விழுந்தவனின் ஆயுதங்களை உருவிக்கொண்டு பாடியபடியே போக, மற்றவர்கள் விழுந்தவனைப் பிணம் போலத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காலடி விவரமே இல்லை. ஒரு எகிறல், ஒரு வெட்டு, ஒரு அலறல். அந்த அலறல் பார்வையாளர் பக்கமிருந்து வருவதுதான் சூட்சுமம். உங்கள் இரண்டு பக்கத்தில் இரண்டு அசைவை மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

என் இனம் சமாதானமானவங்க. அவங்களுக்குப் போர் நடனம் இருக்கலாமா?

இருக்கலாம். ஒரு காலத்தில் சண்டை போட்டிருப்பார்கள். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

போர் நின்னு நூறு வருஷம் ஆனப்புறம் அந்த ஆட்டம் என்ன ஆகும்?

பெரும்பாலும் போட்டியாகும், விழாவாகும், பள்ளிப் பாடமாகும். ஏதென்ஸில் பிர்ரிக் ஆட்டம் பானதெனைய விழாவில் சிறுவர், இளைஞர், ஆண்கள் என வயதுவாரியாகப் போட்டியாக நடந்தது, பரிசு ஒரு மாடு. ஹாக்கா 1905 சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து ரக்பி அணியோடு உலகம் சுற்றியது. அதே அணிக்கென்று இயற்றப்பட்ட 'கபா ஓ பாங்கோ' என்ற இன்னொரு ஹாக்கா 2005ல் அரங்கேறியது. மரபு என்றால் புதிதாக எதுவும் சேராது என்று எண்ண வேண்டாம்.

கதைக்கு ருசியான இடம் வேறு. காரணம் போன பிறகும் அசைவு தங்கிவிடும். என் சதுப்பு மக்களின் பேரப்பிள்ளைகள் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்து, கெட்டித் தரையில் பலகை விரித்து ஆடுகிறார்கள். தெப்பம் சாயும் ஆபத்து இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் முழங்காலை லேசாகத் தளர்த்தி ஒரு கணம் தள்ளாடி நிமிர்கிறார்கள். கேட்டால் அழகுக்காக என்பார்கள். குருமார் அதற்கு ஏதோ தெய்வக் கதை சொல்வார்கள். காரணம் வாசகனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வெளியாள் ஒருத்தன் பார்வையில கதை போகுது. அவனுக்கு ஆட்டம் புரியலைன்னா எப்படிக் காட்டுறது?

புரியாமலே காட்டுங்கள், தவறாகப் புரிந்துகொண்டால் இன்னும் நல்லது. ஆனால் தவறான புரிதலுக்கு விலை இருக்க வேண்டும். அமெரிக்க அரசு 1883ல் பூர்வகுடிகளின் போர் நடனம், சூரிய நடனம் முதலியவற்றைக் குற்றமாக அறிவித்தது. 1890ல் லகோட்டா மக்களிடையே பரவிய 'ஆவி நடனம்' ஒரு சமய ஆட்டம். வோவோகா என்ற பையூட் இனத்தவரின் தரிசனத்திலிருந்து பிறந்தது, இறந்த முன்னோர் திரும்புவார்கள் என்ற நம்பிக்கை. அதை அதிகாரிகளும் குடியேறிகளும் போர் ஆயத்தமாகப் பார்த்து மிரண்டு ராணுவத்தைக் குவித்தார்கள். டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே உங்கள் வெளியாள் ஒரு இரங்கல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, படை திரள்கிறது என்று கடிதம் எழுதலாம். முதல் கேள்வியில் சொன்ன 'எப்போது' அவனுக்குத் தெரியாது, வாசகனுக்குத் தெரியும். மீதிக் கதை தானாக நகரும்.

ஆட்டத்துல எதிரி வேஷம் யார் போடுறது? அவன் தோத்துக்கிட்டேதான் இருக்கணுமா?

அவசியமில்லை. செனபோன் எழுதிய அந்த விருந்திலேயே 'கார்பையா' என்ற ஆட்டமும் நடந்தது. ஒருவன் ஆயுதத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பயந்து பயந்து திரும்பிப் பார்த்தபடியே மாடு ஓட்டி விதைக்கிறான். கொள்ளைக்காரன் வருகிறான். இவன் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மோதுகிறான். எல்லாமே குழலின் தாளத்தில். முடிவில் கொள்ளைக்காரன் அவனைக் கட்டிப்போட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். சில சமயம் உழவன் ஜெயித்து, கொள்ளைக்காரனை மாடுகளோடு சேர்த்துப் பூட்டி ஓட்டுகிறான். முடிவு இரண்டு பக்கமும் சாயலாம் என்பதால்தான் பார்க்கிறவர்களுக்குப் பதைப்பு.

யார் போடுவது என்பது சுவையான கேள்வி. முடிந்த போரில் சிறைப்பட்டவனா, கடன்பட்டவனா, மாப்பிள்ளையா? பதிலைச் சொன்னாலே உங்கள் இனத்தின் பாதிச் சமூக அமைப்பு வெளியே வந்துவிடும்.

வெளியிலிருந்து வந்த கதாநாயகன் ஒரே ராத்திரியில ஆட்டத்தைக் கத்துக்கிட்டு எல்லாரையும்விட நல்லா ஆடுற மாதிரி வச்சிருக்கேன். ஓகேவா?

வேண்டாம். அவன் பிறந்ததிலிருந்து பலகை மேல் நடந்தவன் இல்லை. தெப்ப விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன்: ஒருவன் பிசகினால் இருபது பேரும் தண்ணீரில். அப்படிப்பட்டவனைத் தெப்பத்தின் ஓரத்தில் யாராவது நிறுத்துவார்களா? பிசகினாலும் சாய்வு குறைவாக இருக்கும் நட்ட நடுவில்தான் நிறுத்துவார்கள், நடை பழகும் பிள்ளைகளோடு. அவன் பக்கத்தில் நிற்கும் ஆறு வயதுப் பெண் அவனை விட நன்றாக ஆடுவாள். அட்டையைச் சுண்டும் இடத்தில் அவன் தவறான திசையில் சுண்டி, தலைவரை வைதுவிடுவான். உங்கள் அடுத்த அத்தியாயத்துக்கு அது போதாதா?